கிராம சபையில் எழுந்து பேசினால் விசுவாசக் குறைவா?

கேள்வி: வணக்கம் அக்கா. திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. தாத்தா காலத்திலிருந்து சி.எஸ்.ஐ. சபை. போன வருடம் சபை நிர்வாகத்தைப் பார்க்கும் சேகரக் கமிட்டிக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் ஊருக்குக் கிழக்கே கல்குவாரி வந்து இரண்டு வருடம் ஆகிறது. வெடி வைத்தால் பாத்திரம் எல்லாம் அதிர்கிறது. என் வீட்டிலும் ஆலயத்தின் வடக்குச் சுவரிலும் விரிசல். டேப் பிடித்து அளந்தோம், கடைசி வீட்டிலிருந்து குவாரிக்கு 200 மீட்டர்கூட இல்லை. கிராம சபையில் எழுந்து இதைச் சொன்னேன். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டியில் மூத்தவர் ஒருவர், "ரோமர் 13 வாசிச்சதில்லையா? அதிகாரத்தை எதிர்த்தா தேவனை எதிர்த்த மாதிரி. நாம கொஞ்சப் பேரு. நீ வாயைத் திறந்தா மொத்தச் சபைக்கும் வரும்" என்றார். இதே பெரியவர்தான் தேர்தல் சமயத்தில் ஒரு வேட்பாளர் பெயரைச் சொல்லி, அவருக்கு ஓட்டுப் போடும்படி ஆராதனை அறிவிப்பில் வாசிக்கச் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். இதற்கு நடுவில் என் மாமா மகன், பக்கத்துத் தெருக் கோயில் கொடை விழாவைக் கேலி செய்து, சாமியைப் பிசாசு என்று சொல்லும் ஒரு வீடியோவை ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, விஷயம் போலீஸ் ஸ்டேஷன் வரை போய்விட்டது. கேட்டால் பேச்சுச் சுதந்திரம் என்கிறான். நான் பேசினால் தப்பு, அவன் பேசினால் ஊழியம் என்கிறார்கள். எனக்கே குழப்பமாக இருக்கிறது. ஒரு கிறிஸ்தவன் எங்கே பேசலாம், எங்கே அடங்க வேண்டும்?

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். நான் 20 வருடத்துக்கு மேலாக வழக்காடுகிறவள். அதற்கு முன்பே, சபை ஊழியம் செய்த ஒரு உபதேசியாரின் மகள். அதனால் சட்டத்தையும் வேதத்தையும் தனித்தனியாகப் பிரித்து உங்களுக்குப் பதில் சொல்ல எனக்கு வராது. மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். நான் சொல்லப்போவது ஒன்றுதான்: பேசுங்கள், ஆனால் உங்கள் பெயரில் பேசுங்கள். சபையின் பெயரை எடுத்துக்கொண்டு பேசாதீர்கள், தேவனுடைய பெயரை எடுத்து ஓட்டுக் கேட்க யாரையும் விடாதீர்கள்.

முதலில் குவாரி. ரோமர் 13-ஐ அந்தப் பெரியவர் உங்களை அடக்குவதற்காக எடுத்தார். எடுக்கட்டும், நாமும் அதை வைத்தே பேசுவோம். மேலான அதிகாரம் என்று அங்கே சொல்லியிருக்கிறதே, நம் நாட்டில் அது யார்? தாசில்தாரா, கலெக்டரா, குவாரிக்காரரா? கலெக்டரே சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் என்று ஒன்று இருக்கிறது. அதில் 36-வது விதி, குடியிருப்புப் பகுதியிலிருந்து 300 மீட்டருக்குள் கல் உடைக்கக் குத்தகை தரக் கூடாது என்கிறது. கிராம நத்தமும் அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவும் குடியிருப்புக் கணக்கில்தான் வரும். நீங்கள் அளந்தது 200 மீட்டர்கூட இல்லை. அளவு சரியாக இருந்து, அந்த வீடுகள் நத்தத்திலோ அங்கீகாரம் பெற்ற மனையிலோ இருந்தால், அதிகாரத்துக்குக் கீழ்ப்படியாதவர் நீங்களா, குவாரிக்காரரா? "உங்கள் விதியை நீங்களே நடத்துங்கள்" என்று அரசாங்கத்திடம் கேட்கிறவன் கலகக்காரன் ஆகமாட்டான்.

அரசமைப்புச் சட்டத்தின் 51-ஏ பிரிவு குடிமக்களின் கடமைகளைச் சொல்கிறது. 1976-இல் 42-வது திருத்தத்தால் வந்தது. தேசிய கீதத்தை மதிக்க வேண்டும் என்பது அதில் முதலில் வரும், எல்லாருக்கும் தெரியும். அதே பட்டியலில் இன்னும் கொஞ்சம் கீழே, இயற்கைச் சூழலைப் பாதுகாப்பதும் ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று இருக்கிறது. நீங்கள் கிராம சபையில் எழுந்தது உரிமை மட்டும் இல்லை, கடமை.

ரோமர் நிருபத்தை எழுதிய பவுலை இன்னொரு இடத்திலும் பார்த்துவிடுங்கள். அப்போஸ்தலர் 16. பிலிப்பி பட்டணத்தில் பவுலையும் சீலாவையும் விசாரணை இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். விடிந்ததும் அதிகாரிகள் ஆள் அனுப்பி, "விட்டுவிடு, போகட்டும்" என்கிறார்கள். ஆளை விட்டால் போதும் என்று பவுல் ஓடியிருக்கலாம். அவர் ஓடவில்லை. நாங்கள் ரோமக் குடிமக்கள், விசாரிக்காமல் எல்லார் முன்னாலும் அடித்தீர்கள், இப்போது ரகசியமாக அனுப்புவதா, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும் என்கிறார். அதிகாரிகள் வந்தார்கள், கேட்டுக்கொண்டார்கள். பெரியவரிடம் இந்த அதிகாரத்தை வாசிக்கச் சொல்லுங்கள். சண்டைக்காகச் சொல்ல வேண்டாம், காபி குடிக்கும்போது சொல்லுங்கள்.

அவருடைய பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. "நாம கொஞ்சப் பேரு" என்பது எங்கள் வீட்டிலும் புழங்கிய வார்த்தை. பல கிராமங்களில் அது அனுபவத்திலிருந்து வந்தது. ஆனால் கொஞ்சப் பேர் என்பதற்காக இந்த நாட்டுச் சட்டம் யாரையும் கைவிட வேண்டியதில்லை என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். என் ஜூனியர்களுக்கு நான் முதலில் வாசிக்கக் கொடுப்பது இதைத்தான்.

1985. கேரளத்தில் ஒரு பள்ளி. பிஜோ, பினு மோள், பிந்து என்று மூன்று பிள்ளைகள், ஒரே வீடு. பத்தாவது, ஒன்பதாவது, ஐந்தாவது. யெகோவாவின் சாட்சிகள் குடும்பம். காலையில் தேசிய கீதம் பாடும்போது மூவரும் எழுந்து மரியாதையாக நிற்பார்கள், பாட மாட்டார்கள். தேவனைத் தவிர யாருக்கும் எதற்கும் இப்படிப் பாடுவது அவர்கள் நம்பிக்கைக்கு ஒவ்வாதது. பல வருடம் யாருக்கும் அது உறுத்தவில்லை. ஒரு நாள் ஒரு சட்டமன்ற உறுப்பினர் கண்ணில் பட்டது, சட்டமன்றத்தில் கேள்வியானது. பிள்ளைகள் ஒழுங்கானவர்கள், அவமரியாதை செய்யவில்லை என்று விசாரணையிலேயே வந்தது. ஆனாலும் ஜூலை மாதம் பள்ளியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். உயர் நீதிமன்றமும் கைவிட்டது. 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் சின்னப்ப ரெட்டியும் எம்.எம். தத்தும் தீர்ப்புச் சொன்னார்கள். எழுந்து நிற்பதே மரியாதை. பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அனுப்பியது பேச்சுரிமைக்கும் மத உரிமைக்கும் விரோதம். பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நம் மரபு சகிப்புத்தன்மையைக் கற்பிக்கிறது, நம் தத்துவம் அதைப் போதிக்கிறது, நம் அரசமைப்பு அதைக் கடைப்பிடிக்கிறது, அதை நீர்க்கவிட வேண்டாம் என்று முடித்தார்கள்.

நம் சபைகளில் பலர் யெகோவாவின் சாட்சிகளை நம்மவராகவே எண்ணுவதில்லை. நானும் தேசிய கீதத்தை வாய் நிறையப் பாடுகிறவள்தான். ஆனால் என் மனசாட்சிக்கு ஒரு நாள் நெருக்கடி வந்தால் நான் கையில் எடுத்துக்கொண்டு போகப்போவது அந்த மூன்று பிள்ளைகளின் தீர்ப்பைத்தான். அவர்கள் நின்ற விதத்தையும் கவனியுங்கள். கூச்சல் இல்லை, வெளிநடப்பு இல்லை. எல்லாரோடும் எழுந்து நின்றார்கள், தங்களால் முடியாததை மட்டும் செய்யவில்லை. மனுஷருக்குக் கீழ்ப்படிவதைவிடத் தேவனுக்குக் கீழ்ப்படிவதே அவசியம் என்று பேதுரு சொன்னது இப்படிப்பட்ட இடத்துக்குத்தான். உங்கள் குவாரி விஷயம் அந்த அளவுக்குப் போகவேயில்லை. இதில் விசுவாசமும் சட்டமும் ஒரே பக்கம்தான் நிற்கின்றன.

சரி, ஓட்டு விஷயம். இதில் நீங்கள் மறுத்தது சரி. அது உங்கள் சபையையே காப்பாற்றியிருக்கிறது என்று பெரியவருக்குத் தெரியாது போல. 1988-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது, மத நிறுவனங்களைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் சட்டம். கோயில், மசூதி, சர்ச், குருத்துவாரா எல்லாவற்றுக்கும் பொது. வழிபாட்டு இடத்தை அரசியல் நடவடிக்கையை வளர்ப்பதற்கோ பரப்புவதற்கோ பயன்படுத்தவும் கூடாது, பயன்படுத்த விடவும் கூடாது. மீறினால் நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு 5 வருடம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். சேகரக் கமிட்டி என்றால் நீங்களும் நிர்வாகம்தான், தம்பி. போதகர் ஐயர் அறிவிப்பு வாசித்திருந்தால் அவரோடு சேர்ந்து கமிட்டியும் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும். தேர்தல் நடத்தை விதிகளும் வழிபாட்டு இடங்களில் பிரசாரம் கூடாது என்கின்றன. இது போக, மதத்தின் பெயரால் வேட்பாளரோ அவர் சம்மதத்தோடு வேறொருவரோ ஓட்டுக் கேட்பது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் ஊழல் நடவடிக்கை. ஜெயித்த தேர்தலே செல்லாமல் போகும். 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, வேட்பாளரின் மதத்தைச் சொன்னாலும் வாக்காளரின் மதத்தைச் சொன்னாலும் தவறு தவறுதான் என்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. இன்னாருக்குப் போடாவிட்டால் தேவ கோபம் வரும் என்று பயமுறுத்துவதும் அதே சட்டத்தில் தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறது.

சட்டத்தை விடுங்கள். எங்கள் அப்பா உபதேசியாராக இருந்த ஊரில் தேர்தலுக்கு முந்தின நாள் ராத்திரி வீட்டுத் திண்ணையில் ஆட்கள் வந்து உட்காருவார்கள். "யாருக்குப் போடணும், சொல்லுங்க" என்பார்கள். அப்பா அரிக்கேன் விளக்கைத் தூண்டிவிட்டுக்கொண்டே, "பெட்டி முன்னால உங்களோட நான் நிக்கப் போறதில்ல. ஜெபிச்சிட்டுப் போயி உங்களுக்குச் சரின்னு பட்டதைப் போடுங்க" என்பார். அவர் யாருக்குப் போட்டார் என்று அம்மாவுக்கே தெரியாது. ஆனால் ஓட்டுக்குக் காசு வாங்கினவர்களை அவர் சும்மா விட்டதில்லை, பிரசங்கத்திலேயே கேட்பார். அது பிரசங்க மேடையின் வேலை. காசு வாங்காதே, சாதி பார்த்துப் போடாதே, பட்டியலில் பெயர் இருக்கிறதா பார், வீட்டில் இருக்கிற கிழவியையும் கூட்டிக்கொண்டு போ என்று ஐயர் தாராளமாகச் சொல்லலாம். ஆள்பவர்களுக்காக ஜெபிக்கலாம், எந்தக் கட்சி ஆண்டாலும். சின்னத்தைச் சொல்லும்போதுதான் எல்லை தாண்டுகிறது. ஆலயத்துக்கு வெளியே, அந்தப் பெரியவர் தன் சொந்தப் பெயரில் எந்த வேட்பாளருக்கும் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்கட்டும், மதத்தை இழுக்காத வரை அது அவர் உரிமை. அதை நீங்கள் தடுக்காதீர்கள். உங்கள் மனைவி அரசு ஊழியர் என்பதால் அவர் கட்சிப் பிரசாரத்துக்குப் போகக் கூடாது. அவருடைய நடத்தை விதியை வைத்து, குவாரிக்கு எதிராக மனுக் கொடுக்கும் உங்கள் வாயை யாரும் அடைக்க முடியாது.

இப்போது உங்கள் மாமா மகன். இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன்.

பேச்சுச் சுதந்திரம் அரசமைப்பின் 19-வது பிரிவில் இருக்கிறது, மறுக்கவில்லை. 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவையே தூக்கி எறிந்தது, இணையத்தில் எழுதுகிறவர்களைச் சகட்டுமேனிக்குப் பிடிக்கக் கூடாது என்று. ஆனால் வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு ஒரு வகுப்பாரின் மத உணர்வைப் புண்படுத்தினால் அது குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 295-ஏ, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 299. 196-வது பிரிவு, வகுப்புகளிடையே பகையை மூட்டுவது பற்றியது. தெரியாமல் ஒரு வார்த்தை தவறினால் 299 வராது, கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்று 1957-லேயே உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. அவர் வழக்கறிஞர் அதை வாதாடட்டும். "நான் எடுத்த வீடியோ இல்லை, ஃபார்வர்டு மட்டும்தான் பண்ணினேன்" என்ற வாதம் மட்டும் எடுபடும் என்று நம்ப வேண்டாம். 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு முன்னாள் எம்.எல்.ஏ. வழக்கில், ஃபார்வர்டு செய்தவரும் அந்தச் செய்திக்குப் பொறுப்பாளிதான் என்று சொன்னது. அதில் தலையிட அடுத்த மாதம் உச்ச நீதிமன்றமும் மறுத்தது.

சுவிசேஷம் சொல்வது வேறு. அரசமைப்பின் 25-வது பிரிவு மதத்தைப் பின்பற்ற மட்டுமல்ல, பரப்பவும் உரிமை தருகிறது. அந்தப் 'பரப்ப' என்ற சொல் அங்கே எப்படி நிலைத்தது என்று உங்கள் மாமா மகனுக்குத் தெரிய வேண்டும். 1948 டிசம்பர் 6 அன்று அரசமைப்பு அவையில் அதை எடுத்துவிட வேண்டும் என்று வாதம் நடந்தது. எடுக்கக் கூடாது என்று எழுந்தவர்களில் நம் மாகாணத்து எல். கிருஷ்ணசாமி பாரதி உண்டு, டி.டி. கிருஷ்ணமாச்சாரி உண்டு. இருவரும் கிறிஸ்தவர்கள் இல்லை. நான் 14 வருடம் கிறிஸ்தவ நிறுவனங்களில் படித்தேன், என்னை மதம் மாற்ற ஒரு முயற்சியும் நடக்கவில்லை என்று கிருஷ்ணமாச்சாரி அவையில் சொன்னார். அந்தப் பள்ளிகளில் பாடம் நடத்தியவர்கள் இவருடைய சாமியைப் பிசாசு என்று ஏசியிருந்தால், அன்றைக்கு அவர் வாயிலிருந்து அந்தச் சாட்சி வந்திருக்குமா? 1977-இல் உச்ச நீதிமன்றம், பரப்புவது என்றால் தன் மதத்தின் கொள்கைகளை எடுத்துச் சொல்வது, இன்னொருவரை மாற்றுவது உரிமை ஆகாது என்று வரையறுத்தது. அந்தத் தீர்ப்பில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. கேட்கிறவர் தானாக மனம் மாறுவதும் அவர் உரிமைதானே. ஆனால் எடுத்துச் சொல்வதற்கும் ஏசுவதற்கும் நடுவில் கோடு போட எனக்கு நீதிமன்றம் தேவையில்லை, ஞாயிறு பள்ளியில் படித்ததே போதும்.

பெரியவர் உங்களிடம் "மொத்தச் சபைக்கும் வரும்" என்றார். அது உண்மையாகக்கூடிய இடம் குவாரி இல்லை, இந்த வீடியோ. அதனால் மாமா மகனிடம் முதலில் அதை அழிக்கச் சொல்லுங்கள். அப்புறம் அதே குரூப்பில், "போட்டது தவறு, வருந்துகிறேன்" என்று அவரே எழுத வேண்டும். சுற்றி வளைத்து 'யார் மனமாவது புண்பட்டிருந்தால்' என்றெல்லாம் வேண்டாம். மன்னிப்புக் கேட்டால் வழக்குத் தானாகப் போய்விடாது, வழக்கறிஞரிடம் காட்டிவிட்டே எழுதட்டும். ஆனாலும் எழுதட்டும்.

இனி நடைமுறை. அடுத்த கிராம சபைக்குக் காத்திருக்கும்போதே இரண்டு வேலை செய்யுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, மாவட்டக் கனிமவளத் துறைப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு. குத்தகை ஆணை நகல், அனுமதிக்கப்பட்ட சர்வே எண்கள், குடியிருப்பிலிருந்து தூரம் காட்டும் வரைபடம், இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். இரண்டாவது, விரிசல்களைப் படம் எடுங்கள், பக்கத்தில் ஸ்கேலையும் அன்றைய செய்தித்தாளையும் வைத்து. ஒரு மாதம் கழித்து அதே விரிசலை மறுபடியும்.

கிராம சபையில் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். பல ஊர்களில் நான் பார்த்தது இது: நோட்டில் கையெழுத்து முதலில், தீர்மானம் பிறகு, அதுவும் அலுவலகத்தில் உட்கார்ந்து. தீர்மானத்தை அங்கேயே எழுதி, மைக்கில் வாசிக்கச் சொல்லுங்கள். பேசும்போது "திருடன்", "லஞ்சம்" என்ற வார்த்தைகள் வேண்டாம், அவதூறு வழக்குக்கு நீங்களே கதவு திறக்காதீர்கள். "என் வீட்டுச் சுவரில் இத்தனை அடி விரிசல், வீட்டுக்கும் குவாரிக்கும் இவ்வளவு தூரம், விதி 300 மீட்டர்" என்று சொல்லி உட்காருங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள்.

கமிட்டியிலிருந்து உங்களை எடுத்துவிடுவார்களோ என்று பயந்தால், திருமண்டல (டயோசிஸ்) விதிப் புத்தகத்தை வாங்கி வாசியுங்கள். யார் எதைச் சொன்னாலும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். கிராம சபையில் பேசினது குற்றம் என்று எழுத்தில் எழுத எந்தக் கமிட்டிக்கும் எளிதில் கை வராது.

மனுவை உங்கள் பெயரில் எழுதுங்கள், சேகரக் கமிட்டி லெட்டர்ஹெட்டில் வேண்டாம். ஆலயச் சுவருக்கு விழுந்த விரிசல் உங்கள் மனுவில் ஒரு வரியாக இருக்கட்டும். வெடி அதிர்வு தெருப் பார்த்து நிற்பதில்லை, பக்கத்துத் தெருக் கோயில் மதிலிலும் விரிசல் இருக்கலாம். போய்ப் பாருங்கள். இருந்தால் கொடைக் கமிட்டித் தலைவரிடம் மனுவைக் காட்டி, உங்கள் கையெழுத்துக்கு மேலே அவர் கையெழுத்தைக் கேளுங்கள். போகும்போது மாமா மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். முதலில் அவர் பேசட்டும்.